புளிப்பும் கருப்பும்: நாவுசா சிவப்பு ஒயினை அறிந்து குடிக்க ஒரு முழு வழிகாட்டி

கிரேக்க மொழியில் 'க்ஸினோ' என்றால் புளிப்பு, 'மாவ்ரோ' என்றால் கருப்பு. இரண்டையும் சேர்த்து ஒரு திராட்சைக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்: க்ஸினோமாவ்ரோ. வட கிரேக்கத்தின் மாசிடோனியாப் பகுதியில் நாவுசா என்ற ஊரைச் சுற்றி விளையும் இந்தப் பழத்தின் சிவப்பு ஒயினைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் தடவை இதைக் குடித்தபோது எனக்கு வாய் கட்டிப்போனது. செங்காயாக இருக்கும் நாவற்பழத்தைக் கடித்தால் நாக்கும் ஈறும் இழுத்துப் பிடிக்குமே, அப்படி. அரைக் கிளாஸுக்கு மேல் போக முடியாமல் தக்கையைச் செருகி வைத்துவிட்டேன். மறுநாள் மாலை அதே பாட்டிலிலிருந்து ஊற்றியபோது உலர்ந்த தக்காளியும் பழைய மரப்பெட்டியும் காய்ந்த ரோஜாவும் கலந்த ஒரு மணம் எழுந்தது. துவர்ப்பு போய்விடவில்லை, ஆனால் அதற்கு இப்போது துணை இருந்தது. அந்த ஒரு நாளில் என்ன நடந்தது என்று தேடத் தொடங்கியவன் வெர்மியோ மலையடிவாரத்துக்கும், அங்கிருந்து ஆறாயிரம் ஆண்டு பின்னோக்கியும் போய்விட்டேன். நீங்கள் முதல் பாட்டிலைத் திறப்பதற்கு முன்பே இவையெல்லாம் தெரிந்திருந்தால், என்னைப்போல் அவசரப்பட்டு முகம் சுளிக்க மாட்டீர்கள்.

முதல் படி: மலையைத் தெரிந்துகொள்ளுங்கள்

தெசலோனிகி நகரிலிருந்து மேற்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில், வெர்மியோ மலையின் கிழக்குச் சரிவில் நாவுசா இருக்கிறது. மலை 2,000 மீட்டருக்கு மேல் உயர்ந்தது. குளிர்காலத்தில் பனி மூடும், பனிச்சறுக்கு விளையாட ஆட்கள் வருவார்கள். கிரேக்கம் என்றதும் நாம் நினைத்துக்கொள்கிற வெள்ளைச் சுவர், நீலக் கடல், காய்கிற வெயில் எதுவும் இங்கே இல்லை. மழையும் ஆறும் அருவியும் உள்ள பச்சை நாடு இது. திராட்சைத் தோட்டங்கள் கடல் மட்டத்திலிருந்து சுமார் 150 முதல் 400 மீட்டர் வரையிலான மேட்டு நிலங்களில் படிப்படியாக ஏறுகின்றன. வடமேற்குக் குளிர்காற்றை மலை தடுத்துக் கொடுக்கிறது.

க்ஸினோமாவ்ரோ தாமதமாகப் பழுக்கும். செப்டம்பர் கடைசியில் தொடங்கி அக்டோபர் வரை அறுவடை நீளும். அதற்குள் இலையுதிர்கால மழை வந்துவிட்டால் குலை அழுகும். மழை வராமல் வறட்சி நீண்டால் கொடி வாடும். நல்ல ஆண்டுக்கும் சுமாரான ஆண்டுக்கும் உள்ள வேறுபாடு இந்த ஒயினில் மிக வெளிப்படையாகத் தெரிவது இதனால்தான்.

இரண்டாம் படி: பழங்கதையை மெதுவாகக் கேளுங்கள்

இந்தப் பகுதியை நான் வேகமாகக் கடக்கப் போவதில்லை. நாவுசாவின் ஒயினை அதன் மண்ணின் நினைவோடு சேர்த்துக் குடிப்பதே சரி என்று நினைக்கிறேன்.

கிமு ஐந்தாம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் வெர்மியோ மலையடியில் இருந்த மிடாஸ் மன்னனின் தோட்டங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். யாரும் நடாமலே அங்கு ரோஜாக்கள் முளைத்தன. ஒவ்வொன்றிலும் 60 இதழ்கள். வேறெங்கும் இல்லாத வாசம். ஒயினின் கடவுளான டையோனிசஸின் தோழன் சைலீனஸ் பிடிபட்டது அந்தத் தோட்டத்தில்தான் என்று மாசிடோனியர் சொல்வதாகவும் குறிக்கிறார். நீரூற்றில் ஒயினைக் கலந்துவைத்து அவனை மயக்கிப் பிடித்தார்கள் என்பது இந்தக் கதையின் இன்னொரு வடிவம். முதிர்ந்த க்ஸினோமாவ்ரோவில் காய்ந்த ரோஜா மணம் வரும்போதெல்லாம் எனக்கு அந்தத் தோட்டம் நினைவுக்கு வருகிறது.

கதையை விட்டுவிட்டு மண்ணைத் தோண்டினாலும் ஒயின்தான் கிடைக்கிறது. கிழக்கு மாசிடோனியாவில், பழைய பிலிப்பி நகருக்கு அருகில் டிகிலி டாஷ் என்ற புதிய கற்கால மேடு உள்ளது. எரிந்துபோன ஒரு வீட்டில் பிழிந்த திராட்சையின் தோலும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட விதைகளும் கரியாகிக் கிடைத்தன. காலம் ஏறத்தாழ கிமு 4300. ஐரோப்பாவில் திராட்சையைப் பிழிந்து சாறெடுத்ததற்குக் கிடைத்த மிகப் பழைய சான்றுகளில் ஒன்று அது.

அடுத்து ஐகாய். மாசிடோனிய அரசின் பழைய தலைநகர். இன்றைய பெயர் வெர்ஜினா. நாவுசாவிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். 1977இல் தொல்லியலாளர் மனோலிஸ் ஆண்ட்ரோனிகோஸ் அங்கே ஒரு பெருங்கல்லறையைத் திறந்தார். அலெக்சாந்தரின் தந்தை இரண்டாம் பிலிப்பின் கல்லறை என்று அவர் அடையாளம் கண்டார். பொன் பேழையும் ஓக் இலைகளால் ஆன பொன் முடியும் உலகப் புகழ் பெற்றன. என் கண் போவது பக்கத்தில் இருந்த வெள்ளிப் பாத்திரங்களின் மேல்தான்: ஒயின் ஊற்றும் குடுவை, மண்டியை வடிகட்டும் சல்லடைக் கரண்டி, கோப்பைகள். செத்த பிறகும் அரசனுக்கு விருந்து தடைபடக் கூடாது என்று எண்ணியிருக்கிறார்கள்.

பண்டைய கிரேக்கர் ஒயினில் தண்ணீர் கலந்தே குடித்தார்கள். கலப்பதற்கென்று 'க்ரேட்டர்' என்ற அகன்ற வாய்ப் பாத்திரம் இருந்தது. இன்றைய கிரேக்கத்தில் ஒயினைக் 'க்ரஸி' என்கிறார்கள். கலத்தல் என்ற பொருளுள்ள பழைய சொல்லிலிருந்து வந்தது அது. தண்ணீர் கலக்காமல் குடிப்பதை ஏதென்ஸ்காரர்கள் காட்டுத்தனம் என்றார்கள். மாசிடோனியர் அப்படித்தான் குடிப்பார்கள் என்று பழியும் சொன்னார்கள். பழியில் உண்மை இல்லாமல் இல்லை. கிமு 328இல் சமர்கந்தில் நடந்த ஒரு குடிவிருந்தில், தன் உயிரைக் காத்த தளபதி கிளைட்டஸை அலெக்சாந்தரே ஈட்டியால் குத்திக் கொன்றான். ஏதென்ஸின் நகைச்சுவை நாடகக் கவிஞர் யூபுலஸ் வேறொரு கணக்கு வைத்திருந்தார்: அறிவுள்ளவர்களுக்கு மூன்று க்ரேட்டர் போதும், முதலாவது உடல்நலத்துக்கு, இரண்டாவது காதலுக்கு, மூன்றாவது தூக்கத்துக்கு, அதோடு வீட்டுக்குப் போய்விட வேண்டும்.

வட ஏஜியன் கடலிலுள்ள தாசோஸ் தீவையும் சொல்ல வேண்டும். கிமு ஐந்தாம் நூற்றாண்டிலேயே அங்கே ஒயின் வணிகச் சட்டத்தைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். தாசோஸ் கப்பல்கள் ஒரு குறிப்பிட்ட கடற்கரை எல்லைக்குள் அயலூர் ஒயினை ஏற்றி வரக் கூடாது என்பது அதில் ஒரு விதி. தீவின் சாடிகளின் கைப்பிடியில் ஊர் முத்திரை குத்தினார்கள். இன்று நாம் பாட்டிலில் பார்க்கும் பெயர்க்காப்பு முத்திரைக்கு, அதாவது இன்ன ஊரின் ஒயின்தான் என்று உறுதி சொல்லும் முத்திரைக்கு, அது மூதாதை.

கிரேக்கச் சாடிகள் நம் கரைக்கும் வந்தன. அரிக்கமேட்டில் தோண்டியெடுத்த ஆம்போரா உடைசல்களில் கோஸ் தீவின் வகையைச் சேர்ந்தவை நிறைய. கோஸ் ஒயினில் கடல்நீர் சேர்ப்பது வழக்கம். யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த, குளிர்ந்து மணக்கும் தேறலைப் பொற்கிண்ணத்தில் ஏந்தி மகளிர் தர, உண்டு மகிழ்ந்திரு என்று நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்துவது புறநானூற்றின் 56ஆம் பாட்டில். கோஸ் ஒயின் வேறு, நாவுசா ஒயின் வேறு. இரண்டுக்கும் நடுவே ஒரு முழுக் கடல் கிடக்கிறது. இருந்தாலும் 'யவனர் தேறல்' என்ற சொல் நம்மிடம் இரண்டாயிரம் ஆண்டாக இருக்கிறது என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

ஒரு எச்சரிக்கை. அலெக்சாந்தர் குடித்தது க்ஸினோமாவ்ரோ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நிலம் அதே நிலம், மலை அதே மலை. திராட்சை அதே திராட்சை என்பதற்குச் சான்று இல்லை.

மூன்றாம் படி: அழிந்து எழுந்த கதை

1822 ஏப்ரலில் கிரேக்க விடுதலைப் போரின்போது ஒட்டோமான் படை நாவுசாவை எரித்தது. பிடிபட விரும்பாத பெண்கள் குழந்தைகளோடு அராபிட்சா ஆற்றின் அருவியில் குதித்தார்கள். ஊர் மீண்டு வந்தது. 1879இல் பூட்டாரி குடும்பத்தின் ஒயின் நிறுவனம் இங்கே தொடங்கியது. அடுத்த அடி வேர்ப்பூச்சியால் வந்தது: அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குப் பரவிய ஃபிலாக்ஸெரா கொடிகளின் வேரைத் தின்றது. பிறகு போர்கள். திராட்சை இருந்த இடங்களில் பீச் மரங்கள் வந்தன. இன்றும் வசந்தத்தில் அந்தச் சமவெளி முழுக்க இளஞ்சிவப்பாகப் பூத்துக் கிடக்கும்.

கொடிகள் திரும்பி வந்ததில் பெரும் பங்கு யானிஸ் பூட்டாரிஸுடையது. வியாபாரிகள் பழம் வாங்குவதோடு நிற்காமல் சொந்தமாகத் தோட்டம் போட வேண்டும் என்று சொல்லி யானகோஹோரி மேட்டில் நட்டவர் அவர். பின்னாளில் கிர்-யானி என்ற நிறுவனத்தைத் தனியே தொடங்கினார். தெசலோனிகியின் மேயராகவும் இருந்தார். 1971இல் கிரேக்கத்தில் பெயர்க்காப்பு முறை நடைமுறைக்கு வந்தபோது ஏற்கப்பட்ட முதல் வட்டாரங்களில் நாவுசாவும் ஒன்று.

நான்காம் படி: லேபிளைப் படித்து வாங்குங்கள்

'நாவுசா' என்று பெயர்க்காப்போடு வரும் சிவப்பு ஒயினில் க்ஸினோமாவ்ரோ தவிர வேறு திராட்சை ஒரு சொட்டும் இருக்கக் கூடாது. ஓக் பீப்பாயில் குறைந்தது 12 மாதம் இருந்திருக்க வேண்டும். 'ரிசர்வ்' என்றிருந்தால் மொத்தம் மூன்று ஆண்டும், 'கிராண்ட் ரிசர்வ்' என்றிருந்தால் நான்கு ஆண்டும் முதிர்ந்தது என்று பொருள். க்ஸினோமாவ்ரோ என்று திராட்சையின் பெயர் மட்டும் இருந்து ஊர்ப் பெயர் இல்லாவிட்டால் இந்த விதிகள் பொருந்தா. அது மோசமானது என்று அர்த்தமில்லை. பீப்பாய் காணாத, பழச்சுவை தூக்கலான இளம் ஒயினாக இருக்கலாம்.

இதே திராட்சைக்கு இன்னும் மூன்று ஊர்கள் உண்டு. வெர்மியோவின் மறுபுறம், ஏரிகளுக்கு நடுவே உயரமான மணற்பாங்கில் அமிந்தேயோ. அங்கே இளஞ்சிவப்பும் நுரைக்கும் ஒயினும்கூடச் செய்கிறார்கள். குமெனிஸாவில் நெகோஸ்கா என்ற மென்மையான திராட்சையைச் சேர்ப்பார்கள். ஒலிம்பஸ் மலைச்சரிவில் உள்ள ராப்சானியில் க்ராஸாட்டோ, ஸ்தாவ்ரோட்டோ என்ற இரண்டைக் கலப்பார்கள்.

யாருக்கு எது? புதிதாகத் தொடங்குகிறவர் பழைய கிராண்ட் ரிசர்வைத் தேடி ஓட வேண்டாம். தீமியோபூலோஸ் நிறுவனத்தின் 'இளங்கொடி' வகை ஒயின் நல்ல வாசற்படி. பழம் முன்னால் நிற்கும், துவர்ப்பு பின்னால் வரும். அடுத்து பூட்டாரியின் நாவுசாவோ கிர்-யானியின் ராம்னிஸ்டாவோ. அதற்கும் அப்பால் தலமாரா, காரிடாஸ் போன்ற சிறு குடும்பத் தோட்டங்கள். முடிந்தால் ஒரே தயாரிப்பாளரின் ஒயினில் அறுவடை ஆண்டு வேறாக இரண்டு பாட்டில் வாங்குங்கள். ஐந்து ஆண்டு இடைவெளி இருந்தால் சிறப்பு. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் குடித்தால் தெரிவது நூறு கட்டுரை படித்தாலும் தெரியாது.

ஐந்தாம் படி: ஏன் இந்தப் புளிப்பும் துவர்ப்பும்?

பழத்தை நசுக்கித் தோலோடும் விதையோடும் நொதிக்க விடுகிறார்கள். சிவப்பு நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்தும் விதையிலிருந்தும்தான் வருகின்றன. க்ஸினோமாவ்ரோவில் நிறம் குறைவு, துவர்ப்பு அதிகம். பெயரில் கருப்பு இருந்தும் ஒயின் வெளிறித்தான் இருக்கும். சில ஆண்டுகளிலேயே ஓரம் செங்கல் நிறமாகும். பார்த்ததும் நீர்த்த ஒயின் என்று எண்ணிவிடாதீர்கள்.

முதல் நொதித்தல் முடிந்ததும் இரண்டாவது மாற்றம் ஒன்று நடக்கிறது: பச்சை ஆப்பிளில் இருக்கும் கூர்மையான அமிலத்தைப் பாக்டீரியா தயிரில் இருக்கும் மென்மையான அமிலமாக மாற்றுகிறது. அதற்குப் பிறகும் இந்தத் திராட்சையில் புளிப்பு மீந்து நிற்கிறது. மிச்சத்தைப் பீப்பாயும் காலமும் பார்த்துக்கொள்ள வேண்டும். துவர்ப்புத் துகள்கள் ஆண்டுக்கணக்கில் ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்து, மண்டியாகப் பாட்டிலின் அடியில் படியும். முதிர்ந்த ஒயின் மென்மையாக இருப்பதன் காரணங்களில் அதுவும் ஒன்று. இத்தாலியின் பரோலோ ஒயினைச் செய்யும் நெபியோலோ திராட்சையோடு இதை ஒப்பிடுவார்கள். உறவு இல்லாத இரண்டு திராட்சைகள். சுபாவம் மட்டும் ஒன்று.

ஆறாம் படி: வைப்பதும் திறப்பதும்

பாட்டிலைப் படுக்க வைத்து, வெளிச்சம் படாமல், 12 முதல் 14 டிகிரி செல்சியஸில் வைத்தால் நல்ல நாவுசா பத்து ஆண்டைத் தாராளமாகத் தாங்கும். சமையலறை அலமாரி வேண்டவே வேண்டாம். வெப்பம் ஒரே கோடையில் ஒயினைக் கொன்றுவிடும். இதற்கென்று தனிக் குளிர்ப்பெட்டி இல்லாதவர் வாங்கிய சில வாரங்களில் குடித்துவிடுவதே நல்லது.

குடிக்க ஏற்ற வெப்பம் 16 முதல் 18 டிகிரி. சிவப்பு ஒயினை 'அறை வெப்பத்தில்' பரிமாறு என்பது குளிர்நாட்டு அறையைக் கருதிச் சொன்னது. வெயில் ஊரில் 30 டிகிரியில் ஊற்றினால் சாராய நெடி முதலில் மூக்கில் ஏறும், மணமெல்லாம் பின்னால் போய்விடும். திறப்பதற்கு முன் அரை மணி முதல் முக்கால் மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். ரொம்பக் குளிர்ந்துவிட்டாலும் கெடுதல்தான். குளிரில் துவர்ப்பு கடுக்கும்.

இளம் ஒயின் என்றால் அகன்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றி ஒன்று முதல் இரண்டு மணி நேரம் விடுங்கள். குடுவை இல்லையென்றால் சுத்தமான கண்ணாடிக் கூஜா போதும். காற்றுப் பட்டதும் மூடியிருந்த மணங்கள் எழுகின்றன. மணம் எழுந்தால் துவர்ப்பு தனியாக நின்று மிரட்டாது. என் முதல் பாட்டிலுக்கு நடந்தது இதுதான், ஒரு நாள் எடுத்துக்கொண்டு.

பத்து வயது தாண்டிய பாட்டிலுக்கு வேறு பக்குவம். முந்தின நாளே நிமிர்த்தி வையுங்கள், மண்டி அடியில் தங்கட்டும். தக்கை நைந்திருக்கும், பொறுமையாக இழுங்கள். கழுத்துக்குப் பின்னால் வெளிச்சம் வைத்துக்கொண்டு ஒரே சீராகச் சாய்த்து ஊற்றி, மண்டி கழுத்தை நெருங்கும்போது நிறுத்திவிடுங்கள். இதை மணிக்கணக்கில் காற்றாட விடாதீர்கள். முதிர்ந்த மணம் எழுந்து அப்படியே கலைந்துபோகும். உடனே பரிமாறுங்கள்.

கிளாஸ் வயிறு அகன்றதாக, வாய் குறுகியதாக இருக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். 750 மில்லி பாட்டில் ஐந்து பேருக்குச் சரியாக இருக்கும்.

ஏழாம் படி: நம் சொற்களால் சுவையுங்கள்

ஆங்கிலத்தில் ஒயின் எழுதுகிறவர்கள் துவர்ப்பைச் சொல்ல உலர்வு, பிடிப்பு, பட்டு, சாக்பீஸ் என்று எங்கெங்கோ உவமை தேடுவார்கள். நமக்குத் துவர்ப்பு அறுசுவையில் ஒன்று. வாழைப்பூவும் மாதுளைத் தோலும் கடுக்காயும் பழகிய நாக்கு, துவர்ப்பின் அளவையும் தன்மையையும் தானாகவே பிரித்தறியும். இந்த ஒயினைப் பொறுத்தவரை தமிழ் நாக்குக்குப் பாதி வேலை முன்பே முடிந்திருக்கிறது என்பது என் திடமான எண்ணம்.

முதலில் கிளாஸைச் சுழற்றாமல் முகருங்கள். பிறகு சுழற்றி முகருங்கள். தக்காளி வருகிறதா? பச்சைத் தக்காளி இல்லை, வெயிலில் காயவைத்த தக்காளி. கூடவே உப்பில் ஊறிய ஆலிவ், ஸ்ட்ராபெர்ரி, சோம்பு. முதிர்ந்ததில் உலர்ந்த பிளம், புகையிலை, தோல், மழை நனைத்த காட்டுத் தரை. சிறு வாய் எடுத்து நாக்கு முழுவதும் படரவிடுங்கள். கீழ்த்தாடையின் ஓரத்தில் எச்சில் ஊறினால் அது புளிப்பின் வேலை. ஈறும் கன்னத்தின் உட்புறமும் இழுத்தால் துவர்ப்பின் வேலை. விழுங்கியபின் மனதுக்குள் எண்ணுங்கள்: சுவை எத்தனை நொடி நிற்கிறது? தரம் பார்க்க எனக்குத் தெரிந்த நேர்மையான அளவுகோல் அதுதான். எரிச்சல் மட்டும் நின்று பழம் மறைந்துவிட்டால், ஒயின் இன்னும் முதிரவில்லை அல்லது நன்றாகச் செய்யப்படவில்லை.

எட்டாம் படி: சாப்பாட்டோடு

வெறும் வயிற்றில், தனியாக இதைக் குடிக்காதீர்கள். கொழுப்பும் புரதமும் துவர்ப்பைப் பிடித்துக்கொள்ளும். தக்காளி புளிப்போடு ஒத்துப்போகும். அந்த ஊர்க்காரர்களுக்கு இது வழிவழியாகத் தெரியும். தக்காளியில் வெகுநேரம் வெந்த மாட்டிறைச்சி அல்லது ஆட்டிறைச்சி, கத்தரிக்காயும் கொத்துக்கறியும் அடுக்கிய முஸாகா, சீரகம் போட்ட சுட்சுகாகியா கறி உருண்டைகள், காட்டுப்பன்றி, முதிர்ந்த கஸேரி பாலாடைக்கட்டி, சுட்ட ஃப்ளோரினா சிவப்பு மிளகாய் (அதில் காரம் கிடையாது). புலால் உண்ணாதவருக்குத் தக்காளிச் சாற்றில் வெந்த பெரிய வெள்ளை பீன்ஸ் அருமையான துணை.

மிளகாய்க் காரம் மட்டும் ஆகாது. காரத்தைத் துவர்ப்பு கிளறிவிடும், சாராயம் இன்னும் எரியவைக்கும். மிளகு அளவாக இருந்தால் தாங்கும்.

ஒன்பதாம் படி: நேரில் போக வாய்ப்பிருந்தால்

அக்டோபர் முதல் வாரங்களில் போங்கள். கொடி இலை சிவக்கத் தொடங்கியிருக்கும், குலை இன்னும் தொங்கும். ஒயின் நிலையங்களுக்கு முன்கூட்டியே எழுதி நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். பல தோட்டங்கள் குடும்பம் நடத்துபவை, அறுவடை நாட்களில் எல்லோரும் கொடிக்கிடையில் இருப்பார்கள். சுவைபார்க்கும் இடத்தில் துப்புவதற்கென்றே கலம் வைத்திருப்பார்கள், கூச்சப்படாமல் பயன்படுத்துங்கள். வண்டி ஓட்டுகிறவர் விழுங்கவே கூடாது.

காலையை வெர்ஜினாவுக்கு ஒதுக்குங்கள். கல்லறைகள் மண்மேட்டுக்கு அடியில் இருந்த இடத்திலேயே அருங்காட்சியகமாக உள்ளன. அருகில் ஐகாய் அரண்மனை நீண்ட மறுசீரமைப்புக்குப் பிறகு 2024 ஜனவரியில் மீண்டும் திறந்தது. விருந்து அறைகளின் கூழாங்கல் தரையை அங்கே பாருங்கள். தெசலோனிகி வழியாகத் திரும்பினால் தொல்லியல் அருங்காட்சியகத்தில் டெர்வெனி க்ரேட்டரைத் தவறவிடாதீர்கள்: ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் உயரம், வெள்ளீயம் மிகுந்த வெண்கலத்தில் பொன்போல் மின்னும் உடல், அதில் டையோனிசஸும் அவன் மனைவி அரியாட்னேயும்.

மாலைக்கு மியேசா. நாவுசாவிலிருந்து கோபானோஸ் கிராமத்துக்குப் போகிற வழியில், பாறையும் ஊற்றும் மரநிழலுமாக ஒரு சிற்றிடம். கிமு 343 வாக்கில் பதின்மூன்று வயது அலெக்சாந்தருக்கு அரிஸ்டாட்டில் பாடம் சொன்ன இடம் அது. ஆசிரியர் அமர்ந்த கல் இருக்கைகளையும் நிழல் நடைபாதையையும் தன் காலத்திலும் காட்டுகிறார்கள் என்று நானூறு ஆண்டுக்குப் பின் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதினார். பாறையில் வெட்டிய தடங்கள் இன்றும் தெரிகின்றன. காலையில் வாங்கிய பாட்டில் வண்டியில் இருந்தால், அன்றைக்குத் திறக்க வேண்டாம். பயணத்தில் குலுங்கிய ஒயின் அடங்கச் சில நாள் ஆகும்.